பதினேழாம் வார்டு ஏன் வாக்களிப்பதில்லை

பதினேழாம் வார்டில் ஜனநாயகத்துக்கு உடம்பு சரியில்லை என்று முதன்முதலில் கண்டுபிடித்தது வாக்குப்பதிவு உயர்த்தல் ஆணையம்தான். அதற்குத்தானே சம்பளம், கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? ஒரு காலத்தில் அந்த வார்டில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன் நடந்த தேர்தலில் அது திடீரென்று நாற்பதாகிவிட்டது. அப்புறம் வந்த இடைத்தேர்தலில் முப்பத்தெட்டு. பக்கத்து வார்டுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, இது மட்டும் சரிந்தது ஏன்? இந்தக் கவலையில் ஆணையத்தின் தலைவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆணையத்தின் செய்திக் குறிப்பே சொல்லிற்று.

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காரணம் தெரியும். அவன் அந்த வார்டுக்காரன். பதினேழாம் வார்டின் வாக்குச்சாவடி, நகராட்சியின் பழைய ஆவணக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றது நான்கு வருஷத்துக்கு முன்னால். வாக்குப்பதிவு விழுந்ததும் நான்கு வருஷத்துக்கு முன்னால். இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். ஆணையத்தில் இருந்தவர்களோ நிறையப் படித்தவர்கள்.

கீழே இடமே இல்லையா, ஏன் மூன்றாம் மாடி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும், மக்கள் ஏன் வாக்களிக்க வருவதில்லை என்பது பற்றி ஆணையம் இதுவரை வெளியிட்ட ஆய்வறிக்கைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

மெக்கானிக்குக்கு இதில் என்ன வந்தது? அவனுக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. அவனுடைய அக்காவுக்குத்தான் இல்லை. அக்கா கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போனதிலிருந்து சக்கர நாற்காலி. சமதரையில் ஊன்றுகோல் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு அடி நடப்பாள், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு அடியும் சும்மா வரவில்லை. வார்டில் ஒரு நடைப்பயிற்சிக் கூடம் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து நடந்து வாங்கிய பன்னிரண்டு அடி அது.

இந்தத் தடவை தேர்தலில் கவுன்சிலருக்கான சீட்டோடு இன்னொரு சீட்டும் தருவார்கள் என்று அறிவிப்பு வந்தது. நடைப்பயிற்சிக் கூடத்தை வைத்துக்கொள்ளலாமா, மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாமா? வார்டு மக்களே சொல்லட்டும் என்று நகராட்சி பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

"ஆறு மாசம் பயிற்சி நின்னா முட்டி கட்டையாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் அக்கா, ஒரு கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு. "இந்தத் தடவை நான் ஓட்டுப் போட்டே ஆகணும்டா."

"நானும் கூட்டாளிங்க மூணு பேரும் நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடறோம்கா."

"போன தடவை ஆஸ்பத்திரியில நாலு பேர் தூக்கிட்டுப் போய் நடுப்படியில இறக்கி வச்சு மூச்சு வாங்கினாங்களே, மறந்துட்டியா? ஒருத்தன் என் மடியில டிபன் பாக்ஸை வேற வச்சான். நான் என்ன பீரோவா? லிஃப்டைச் சரி பண்ணு. நீ அந்த வேலைதானே பார்க்கறே?"

அந்த வேலைதான் பார்த்தான். நின்றுபோன லிஃப்டில் என்ன கோளாறு என்பதுகூட அவனுக்குத் தெரியும். கதவு மூடியாயிற்று என்று மோட்டாருக்குச் சொல்லும் ஒரு சின்ன சுவிட்ச், கட்டைவிரல் பருமன், தேய்ந்துபோயிருந்தது. அதே சுவிட்ச் புதிதாக ஒன்று அவன் பையிலேயே கிடந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் லிஃப்ட் கதவில் நகராட்சி சீல் வைத்திருந்தது. நாலு கையெழுத்துப் போட்ட உத்தரவில்லாமல் அதைத் தொட்டால் அவனுடைய லைசென்ஸ் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆணையத்திலிருந்து ஆய்வாளர் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் கணினிப் பலகை, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறையச் சிரிப்பு. அறுபத்துமூன்று கேள்விகள். அக்கா வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னாள். பதினொன்றாம் கேள்வியில்தான் சிக்கல்.

"கடந்த இரண்டு தேர்தல்லயும் நீங்க வாக்களிக்காததுக்கு முதன்மையான காரணம் என்ன மேடம்?"

"லிஃப்ட் ஓடலை."

ஆய்வாளர் பலகையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணு இதுல இல்லையே மேடம். நாலுதான் இருக்கு. ஆர்வமின்மை, நம்பிக்கையின்மை, சோம்பல், வாழ்க்கையைப் பற்றிய பொதுவான சலிப்பு."

"எனக்கு ஆர்வம் இருக்கு. நம்பிக்கையும் இருக்கு. காலைல ஆறு மணிக்கு எழுந்து வேலை பார்க்கறேன். லிஃப்ட்தான் இல்லை."

"ஏதாவது ஒண்ணைத் தொட்டாத்தான் மேடம் அடுத்த கேள்வி வரும்."

"அப்ப நீங்களே எதையாவது தொடுங்கம்மா. எனக்கு இதைக் கேட்டுக் கேட்டே சலிச்சுப்போச்சு."

"அப்பாடா, சலிப்பு!" என்று முகம் மலர்ந்து ஆய்வாளர் நாலாவதைத் தொட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அன்றைக்கு அவள் இன்னும் பதினெட்டு வீடு முடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. பதினேழாம் வார்டில் வாக்களிக்காதவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையைப் பற்றிய பொதுவான சலிப்பில் வாடுகிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. சலிப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பேராசிரியரை விமானத்தில் வரவழைத்தார்கள். அவர் வார்டைக் கார் கண்ணாடி வழியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிலைமை தாம் நினைத்ததைவிட ஆழமானது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே திரும்பிப் போனார்.

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. ஆணையத்தின் அலுவலகத்தில் இரண்டு லிஃப்ட் உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவற்றுக்கு எண்ணெய் போட்டுச் சோதிப்பவன் அவன்தான். அலுவலகம் இருந்தது முதல் மாடியில். ஆனாலும் தலைவர் படியில் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை தலைவர் லிஃப்டுக்குள் நுழைந்ததும், மெக்கானிக் அதைச் சோதனை வேகத்தில் போட்டான். பதினோரு விநாடியில் போகிற இடத்துக்கு அப்போது ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

"சார், பதினேழாம் வார்டுல லிஃப்ட் ஓடலை சார். அதனாலதான் ஜனங்க வர்றதில்லை."

தலைவர் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்படுகிறவர் இல்லை. மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, லிஃப்டுங்கறது கட்டடத்தோட பிரச்சினை. வாக்களிக்கிறது மனசோட பிரச்சினை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. மனசு இருந்தா மனுஷன் மலையே ஏறுவான்."

"சார், தப்பா நினைக்காதீங்க, நீங்க முதல் மாடிக்கே லிஃப்டுல..."

"நான் வாக்களிக்கவா போறேன்? வேலைக்குப் போறேன்," என்றார் தலைவர். கதவு திறந்தது. போகிற போக்கில் அவர் பெரிய மனது பண்ணி, "எதுக்கும் துணைச் செயலாளரைப் பார்த்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணைச் செயலாளர் ஒல்லியான, சுறுசுறுப்பான மனிதர். விதிப்புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்கிற ரகம். மெக்கானிக் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நாலு வருஷத்தில் இதைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் இவர்தான் என்று மெக்கானிக்கின் நெஞ்சே குளிர்ந்துபோயிற்று.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி," என்றார் துணைச் செயலாளர். "தேர்தலுக்கு இன்னும் எத்தனை நாள்?"

"எண்பத்தெட்டு சார்."

"அச்சச்சோ! தேர்தலுக்குத் தொண்ணூறு நாளைக்குள்ள வாக்குச்சாவடியில எந்த ரிப்பேரும் பண்ணக் கூடாதே. நடத்தை விதி. மூணு நாள் முன்னாடி வந்திருக்கலாமே!"

"மூணு நாள் முன்னாடி வந்திருந்தா சரி பண்ண உத்தரவு குடுத்திருப்பீங்களா?"

"அதெப்படி? மூணு நாள் முன்னாடி அது வாக்குச்சாவடியே இல்லையே. வெறும் கட்டடம். கட்டடத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

மெக்கானிக் சற்று நேரம் தலையைச் சொறிந்தான். "அப்ப எந்த நாள்ல வந்தா சார் சரி பண்ண முடியும்?"

"நல்ல கேள்வி," என்று துணைச் செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். "இதையும் பாருங்க. லிஃப்டுல ஏறி வர்றவங்க எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவாங்கன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

"அதெப்படி சார் சொல்றது?"

"பார்த்தீங்களா! நாளைக்கே ஒரு கட்சிக்காரன் வந்து, ஆணையம் லிஃப்டு விட்டு ஓட்டுச் சேர்த்ததுன்னு வழக்குப் போட்டா? இப்ப லிஃப்ட் ஓடலை. யாருக்கும் ஓடலை. இதுக்குப் பேருதான் நடுநிலை."

வெளியே வந்த மெக்கானிக் அந்த லிஃப்டில் ஏறாமல் படியிலேயே இறங்கினான். அவ்வளவு எரிச்சல் அவனுக்கு.

இதற்கிடையே ஆணையம் சும்மா இருக்கவில்லை. சலிப்பைப் போக்க ஒரு விழிப்புணர்வுப் பட்டறை நடத்தியது. வாக்காளர்களுக்கு இடம் பழக வேண்டும் என்பதால் அதை மூன்றாம் மாடியிலேயே வைத்தது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். "நீங்கள் ஏன் வாக்களிப்பதில்லை?" என்று கேட்டதற்கு, "நாங்க போடறோமே!" என்று இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். வாக்களிக்காதவர்கள் பட்டறைக்கும் வருவதில்லை, ஆகவே சலிப்பு இரட்டிப்பாகிவிட்டது என்று ஒரு இடைக்கால அறிக்கை போட்டார்கள். அதை வைக்க இரண்டாம் மாடியில் இருந்த கடைசி மூலையும் போயிற்று.

அப்புறம் மனித நடத்தை நிபுணர் ஒருவர் வந்தார். அவர்தான் முதன்முதலில் படிகளைக் கவனித்தவர். மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. நிபுணர் குனிந்து ஒவ்வொரு படியாக எண்ணினார். மொத்தம் அறுபத்தாறு. "இதுதான் விஷயம்!" என்று அவர் கூவியது தெருமுனை வரை கேட்டது. மறுநாளே ஆட்கள் வந்து அறுபத்தாறு படியிலும் வாசகம் ஒட்டினார்கள். முதல் படியில் "வாருங்கள்." இருபதாம் படியில் "நாடு உங்களைப் பார்க்கிறது." நாற்பத்தோராம் படியில் "களைப்பு என்பது ஒரு எண்ணமே." கடைசிப் படிக்கு மேலே ஆளுயரக் கண்ணாடி மாட்டி, "இவரே இந்நாட்டின் எஜமானர்" என்று எழுதினார்கள். ஏறி வந்து மூச்சு வாங்குகிற எஜமானர், தன் முகம் வெளிறிக் கிடப்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்தல் நாள் வந்தது. அக்கா காலையிலேயே தயாராகிவிட்டாள். கட்டடத்து வாசலில் இவர்களுக்கு முன்பே ஏழு பேர் இருந்தார்கள், எல்லாரும் நடைப்பயிற்சிக் கூடத்துக்காரர்கள். இரண்டு சக்கர நாற்காலி, மூன்று ஊன்றுகோல், முட்டி ஆபரேஷன் ஆன தம்பதி. ஏழு பேரும் படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் மேலே ஓடித் தன் ஓட்டைப் போட்டுவிட்டு, வாக்குச்சாவடி அதிகாரியிடம் கெஞ்சினான். "சார், எட்டு பேர் கீழ இருக்காங்க. சீட்டைக் கீழ கொண்டு வந்து குடுக்க முடியாதா?"

"வாக்குச்சீட்டு படி இறங்கினா ரகசியம் போயிடும்," என்றார் அதிகாரி.

அவன் கீழே வருவதற்குள் ஆணையத்தின் தொண்டர்கள் நாலு பேர் புகைப்படக்காரரோடு வந்து அக்காவைச் சூழ்ந்திருந்தார்கள். "நாங்க தூக்கறோம் அம்மா! சிரிச்ச முகமா இருங்க!"

"கையை எடுங்க," என்றாள் அக்கா. அப்புறம் தம்பியைப் பார்த்தாள். "டேய், ஊன்றுகோலை நீ எடுத்துட்டு வா. எனக்குப் பின்னால வேணாம், கீழ் படியில நில்லு. விழுந்தா பிடிச்சுக்கோ. விழலைன்னா தொடாதே."

நாற்காலியிலிருந்து சரிந்து முதல் படியில் உட்கார்ந்தாள். முதுகு மேலே பார்க்க, இரண்டு உள்ளங்கையையும் அடுத்த படியில் ஊன்றி, ஒரு எம்பு எம்பினாள். இரண்டாம் படி. அப்புறம் கையால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி ஒரு எம்பு. ஓட்டுப் போட்டுவிட்டு இறங்கியவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருபதாம் படியில் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. நாற்பதில் உள்ளங்கை உரிந்துவிட்டது. மெக்கானிக் அழுதுகொண்டேதான் வந்தான், அதை மறைக்கவும் இல்லை. "எதுக்குடா அழுவறே? எண்ணு," என்றாள் அக்கா. அவன் எண்ணினான். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று அறுபத்தாறுக்கு.

மேலே போய் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேசை முன்னால் போய் நின்று, அடையாள அட்டையை நீட்டினாள்.

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "உங்க பேரு இல்லையேம்மா."

"இல்லாம எப்படி? இருபத்தஞ்சு வருஷமா இருக்கே."

"ஓ, நீங்க ஓய்வுப் பட்டியலா? தொடர்ந்து ரெண்டு தேர்தல்ல வராதவங்களுக்கு ஆணையம் ஓய்வு குடுத்திருக்கும்மா. வர முடியாதவங்களைப் பட்டியல்ல வச்சுத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு. அறிவிப்பு ஒட்டியிருக்கே, நீங்க பார்க்கலையா?"

"எங்க ஒட்டியிருக்கு?"

அவர் காட்டினார். மூன்றாம் மாடிச் சுவரில், அவருடைய தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

"மறுபடி பேரைச் சேர்க்க என்ன பண்ணணும்?"

"படிவம் பன்னிரண்டு. நேர்ல வந்து வாங்கணும். இதே மாடியில கடைசி அறை. ஆனா தேர்தல் அன்னைக்கு அந்த அறை திறக்க மாட்டாங்க."

அக்கா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வந்த மாதிரியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கீழே இருந்த ஏழு பேரிடமும், "நம்ம பேரை எல்லாம் எடுத்துட்டாங்க, வீட்டுக்குப் போங்க," என்று சொன்னபோதுதான் அவளுடைய குரல் உடைந்தது.

முடிவு அறிவித்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருந்த வாக்காளர் பட்டியல், ஓய்வு கொடுத்தது போக நானூற்று அறுபதாகியிருந்தது. அதில் நானூற்று நாற்பத்தொரு பேர் வாக்களித்திருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! அடேயப்பா, நாட்டிலேயே முதலிடம். மனம் தளர்ந்த வார்டு ஒன்று இப்படித் துள்ளி எழுந்தது எங்கும் நடந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. நடைப்பயிற்சிக் கூடத்தை மூடச் சொல்லி இருநூற்று இருபத்திரண்டு பேர், வைத்துக்கொள்ளச் சொல்லி இருநூற்றுப் பத்தொன்பது பேர். மூன்று ஓட்டு வித்தியாசம். படிக்குக் கீழே நின்றவர்கள் எட்டுப் பேர் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அக்கா படியேறும் புகைப்படம் மட்டும் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அதன் கீழே பெரிய எழுத்தில், "இவரே வந்துவிட்டார், நீங்கள்?" அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றி விழா. அதே மூன்றாம் மாடியில். அக்காவுக்கு "ஊக்கமூட்டும் வாக்காளர்" என்று ஒரு கேடயமும் உண்டு, அவசியம் வரவும் என்று அழைப்பு வந்தது.

விழாவுக்கு முதல் நாள் மெக்கானிக்குக்கு அவசர உத்தரவு வந்தது. தலைவருக்கு முட்டி வலியாம். லிஃப்டை உடனே சரி செய்யவும்! சீலை அவிழ்க்க நாலு கையெழுத்து வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொன்னவர்கள், நாலையும் ஒரே மத்தியானத்தில் போட்டிருந்தார்கள். விழா நாளில் காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை ஓட்டலாம் என்றும், ஒரு மணிக்குக் கட்டடக் காவலாளி லிஃப்டின் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும் என்றும் கீழே ஒரு குறிப்பு.

மெக்கானிக் இருபத்தைந்து நிமிஷத்தில் வேலையை முடித்தான். தலைவரை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமே என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தான் சரி பண்ணிய லிஃப்ட் நின்றது என்று பேர் வர அவனுக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா முதல் ஆளாக ஏறினாள். கதவு மூடி, லிஃப்ட் மெல்ல எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டாள். மேலே வந்துசேர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தலைவர் பேசினார். "நண்பர்களே, இந்த வார்டில் லிஃப்ட் இல்லாததால் மக்கள் வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இந்த அம்மா அதைப் பொய்யாக்கிவிட்டார். மூன்று மாடி ஏற முடியாதவர் என்று இந்த வார்டில் இனி ஒருவரைக் காட்ட முடியுமா? எங்கள் ஆய்வு சொல்கிறது: இந்தத் தேர்தலில் வாக்களித்த நானூற்று நாற்பத்தொரு பேரும் நல்ல கால் உள்ளவர்கள். இப்படிப்பட்ட ஆரோக்கியமான வார்டுக்கு நடைப்பயிற்சிக் கூடம் எதற்கு? மக்கள் தீர்ப்பு எவ்வளவு கூர்மையானது பாருங்கள்!"

கைத்தட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா," என்று துணைச் செயலாளர் ஒலிபெருக்கியை நீட்டினார்.

"நான் ஓட்டுப் போடலை," என்றாள் அக்கா.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"போடத்தான் ஏறி வந்தேன். பேரை எடுத்துட்டாங்க. என்னை மாதிரி கீழ ஏழு பேர் இருந்தாங்க. அவங்க பேரும் இல்லை."

துணைச் செயலாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் ஒலிபெருக்கியை அன்போடு திரும்ப வாங்கிக்கொண்டார். "கேட்டீர்களா! பட்டியலில் இல்லாதவர்களுக்கே இவ்வளவு ஆர்வம் என்றால், பட்டியலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு இருக்கும்!" மறுபடி கைத்தட்டல், முன்னதைவிடப் பலமாக.

பக்கத்தில் குனிந்து துணைச் செயலாளர் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க பேரு பட்டியல்ல இல்லாததால, நீங்க ஓட்டுப் போடலைங்கறது கணக்குலயே வராது. உங்க பேருக்கு ஒரு கெட்ட பேரும் இல்லை."

ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தபோது தலைவர் கிளம்பினார். லிஃப்டில் ஆறு பேர்தான் போகலாம். தலைவர், துணைச் செயலாளர், புகைப்படக்காரர், மாலை பிடித்துக்கொள்ள மூன்று பேர் என்று ஆறும் நிரம்பிவிட்டது. "அடுத்த தடவைல வாங்கம்மா," என்று உள்ளிருந்து ஒரு கை அசைந்தது. மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். கீழே லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே தலைவருக்கு வழியனுப்பு நடந்து முடிவதற்குள் ஒரு மணி அடித்தது. காவலாளி உத்தரவுப்படி சுவிட்சை அணைத்துவிட்டார். மேலே பொத்தானில் இருந்த விளக்கு செத்துப்போயிற்று.

"இரு அக்கா, நான் கீழ ஓடிப் போய்ப் போட்டுட்டு வரேன். லைசென்ஸ் போனாப் போகட்டும்," என்று மெக்கானிக் படிப்பக்கம் பாய்ந்தான்.

"எங்க போறே? நில்லு. படிவம் பன்னிரண்டு எங்க குடுப்பாங்க?"

"இங்கதான். அந்தக் கடைசி அறையில. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விழான்னு பூட்டிட்டாங்க அக்கா! ஆள் திங்கட்கிழமை காலையிலதான் வருவாரு!"

"வரட்டும். நாலு வருஷம் கீழ காத்திருந்தேன், மூணு நாள் மேல இருக்க மாட்டேனா? நேர்ல வரணும்னாங்க. வந்துட்டேன். என் பேரு ஏறினப்புறம்தான் நான் இறங்குவேன். அந்த ஏழு பேரோட பேரும் ஏறணும். நீ வீட்டுக்குப் போய்ச் சோறும் தலையணையும் கொண்டு வா. அப்படியே என் கடிகாரப் பெட்டியையும் எடுத்துட்டு வா, வேலை கிடக்கு."

கட்டடத்தைப் பூட்ட வேண்டிய காவலாளி, மேலே பேச்சுச் சத்தம் கேட்டு அறுபத்தாறு படியும் ஏறி வந்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் இரைத்தார். அக்காவைப் பார்த்தார். பயந்துபோய்த் துணைச் செயலாளருக்கு ஃபோன் போட்டார்.

"சார், மேல ஆள் இருக்காங்க சார். ஷீல்டு வாங்கின அம்மா. இறங்க மாட்டேங்கறாங்க. என்ன சார் பண்றது?"

ஃபோனில் அந்தக் குரல் எல்லாருக்கும் கேட்டது. "பட்டியல்ல இருக்காங்களா?"

காவலாளி அக்காவைப் பார்த்தார். "இல்லைன்னு சொல்லு," என்றாள் அக்கா.

"இல்லையாம் சார்."

"அப்ப யாரும் இல்லைன்னு எழுதிட்டுப் பூட்டு."

ஃபோன் அணைந்தது. காவலாளி இடுப்பிலிருந்த பதிவேட்டை எடுத்தார். சுவரில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, "மூன்றாம் மாடியில் யாரும் இல்லை" என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"எழுதியாச்சா தம்பி?" என்றாள் அக்கா. "அப்படியே அந்த ஃபேனைப் போடு. புழுங்குது."

காவலாளி போட்டார்.